விளக்குக்குத் திரும்பிய எண்ணெய்

போன வாரம் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் இழைப்புளிக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்தேன். போடுவது என்றா சொன்னேன், குளிப்பாட்டுவது. டப்பாவைக் கவிழ்த்து அமுக்கினார், புஸ்ஸென்று வந்தது, அடிப்பாகம் முழுக்க வழிந்தது. அப்படியே எடுத்துப் பலகைமேல் வைத்து ஓட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சும்மா இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் புதியவர்கள், உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பேனா பிடிப்பதற்கு முன்னால் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியைப் பிடித்த கை இது. ஆனால் என் கையால் செய்த மேஜை ஆடுகிறது என்று இந்த பெங்களூரில் இன்றுவரை ஒருவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் வீட்டுத் தரைதான் ஆடியிருக்கும். பலகையை எப்படி இழைப்பது, பிளேடை எப்படித் தீட்டுவது என்பதை எல்லாம் உங்களுக்கு ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. இரும்பைக் காப்பாற்றிய எண்ணெய் ஒரு மனிதனைப் பட்டறையைவிட்டுத் துரத்தப் பார்த்ததே, அதைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் வேலை பார்த்த பட்டறை காக்ஸ் டவுன் பக்கம் இருந்தது. நாங்கள் முக்கால்வாசிப் பேர் ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வருவோம். மேஸ்திரி ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். கிளம்பிய வெள்ளைக்காரர்கள் ஏலம்போட்ட சாமான்களில் ஒரு பெட்டி நிறைய இரும்பு இழைப்புளிகளை அவர் எடுத்து வந்திருந்தார். அதுவரை நாங்கள் எல்லாரும் மர இழைப்புளிதான். இரும்பைக் கையில் வாங்கியபோது அதன் கனத்திலேயே ஒரு கௌரவம் இருந்தது. தெருவுக்கு அந்தப்பக்கம் இருந்த பாய் கடைக்காரர்கள்கூட "எங்கே, அந்த ரந்தாவைக் காட்டு" என்று வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், இழைப்புளிக்கு அவர்கள் பாஷையில் ரந்தா. மேஸ்திரி அவற்றைப் பெண் பிள்ளைகளைப்போல வளர்த்தார். வெறுங்கையால் அடிப்பாகத்தைத் தொட்டால் திட்டு விழும், கைவேர்வை பட்டால் துரு வரும் என்று.

அப்படிப்பட்ட மனிதருக்கு முதல் அடி ஆயுதபூஜையில் விழுந்தது. பூஜையன்று இழைப்புளிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் விளக்கேற்றிப் படைக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வெளியே ஐப்பசி மழை. ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி முழுக்க இரும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. காலையில் சந்தனத்தைத் துடைத்தால் ஒவ்வொரு பொட்டுக்குக் கீழேயும் இன்னொரு பொட்டு, செம்பழுப்பில். மேஸ்திரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. செங்கல்பொடியும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனியில் ரேகை போயிற்று. போலீஸ்காரன் பிடித்தாலும் அடையாளம் தெரியாது என்று சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் அவர் விழித்துக்கொண்டார். பூஜை முடிந்ததும், பித்தளை விளக்கில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தார். தினமும் காலையில் எல்லாரும் வரிசையில் வந்து, அதிலிருந்து ஒரு விரல் எடுத்து இழைப்புளியின் அடியில் தடவிக்கொள்ள வேண்டும். தீபாவளிவரை இப்படி. சாமி எண்ணெய், ஆகையால் துடைக்கக்கூடாது. துரு வரவே இல்லை. அதோடு, இழைப்புளி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, வெண்ணெயில் கத்தி போவதுபோல. எங்களுக்கு மேஸ்திரிமேல் ஒரே பெருமை.

வாங்கிக்கொள்ளாதவன் ஒருவன்தான், சூசை. அவன் மாதா கோயில்காரன். ஆனால் பூஜைக்கு அவன் இழைப்புளியும் வரிசையில் இருக்கும், சந்தனத்தைத் தானே சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொள்வான், பொரிகடலையை எங்களைவிட இரண்டு கை அதிகமாகவே வாங்குவான். எண்ணெயை நீட்டியபோது மட்டும் மெழுகுவத்தித் துண்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். கோயிலில் எரிந்து மிஞ்சியது. அதைத்தான் இழைப்புளியின் அடியில் இரண்டு கோடு இழுத்து, துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டு வேலை செய்வான்.

"எனக்கு இது இருக்குது மேஸ்திரி. ரெண்டும் ஒண்ணா சேந்தா உள்ளயே சண்ட போட்டுக்கும்" என்றான்.

மேஸ்திரியும் சிரித்துவிட்டார். சிரிக்காதவன் முனுசாமி ஒருவன். இந்த முனுசாமி நல்ல வேலைக்காரன், எனக்கு அடுத்தபடி என்று சொல்லலாம். ஆனால் வாய் மட்டும் தீட்டாத உளி, எதில் பட்டாலும் பிய்த்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு வாசகசாலைக்கு நீள மேஜைகள் செய்துகொண்டிருந்தோம். தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டும். மூன்று தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரு மேல்பலகை. ஆணி கிடையாது. ஒட்டுவதற்கு வச்சிரம். உங்களுக்கு டப்பாவில் வெள்ளையாக வருகிறதே, அது இல்லை. தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை, வில்லை வில்லையாக வரும். ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். அந்த வாடைக்கு நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவோம். ஒதுங்கி ஒதுங்கி அந்த வேலை சூசை தலையில் விழுந்தது. பட்டறை முழுக்க வச்சிரம் அவன் காய்ச்சுவதுதான்.

முதல் மேஜையை மாட்டுவண்டியில் அனுப்பி வைத்தோம். நாலைந்து நாளில் வாசகசாலைப் பெரியவர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார், மேஜை நடுவில் பிளந்துகொண்டது, சந்து வழியாகக் கீழே இருக்கும் கால் தெரிகிறது என்று. "நோடி மேஸ்திரி, நிம்ம ஹெஸரு கேளி கொட்டித்து" என்றார். உங்கள் பெயரைக் கேட்டுத்தான் கொடுத்தோம் என்று அர்த்தம். அவர் திட்டியிருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார்.

அவர் தலை மறைந்ததும் மேஸ்திரி கொட்டாப்புளியை எடுத்தார். சுவரில் சாய்த்திருந்த மேல்பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். முனுசாமி ஒட்டியது பிளந்தது. மற்றவர்கள் ஒட்டியதும் பிளந்தது. என்னுடையது இரண்டு அடி அதிகமாகத் தாங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பிளந்தது. கடைசியாக சூசையின் பலகை. அடித்தார். நின்றது. ஓங்கி அடித்தார். நின்றது.

உங்களுக்கு என்ன தோன்றும்? அவனிடம் ஏதோ விஷயம் இருக்கிறது, கேட்போம் என்று தோன்றும். ஏழு பேரின் வேலை ஒன்றாகக் கெட்டு நிற்கும்போது மனசு அப்படி யோசிக்காது தம்பிகளே. கெடாமல் நிற்கிறவன்தான் கண்ணை உறுத்துவான்.

"எல்லாருக்கும் வச்சிரம் குடுக்கறவன் பலகை மட்டும் எப்டிபா நிக்குது?" என்றான் முனுசாமி.

சூசை சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது: "ஒழுங்கா இழைச்சா நிக்கும். நீயும் ஒரு நாளைக்கி இழைச்சுப் பாரேன்."

அவ்வளவுதான். தனக்குக் கெட்டியாகவும் மற்றவர்களுக்குத் தண்ணியாகவும் கொடுத்திருக்கிறான் என்று ஒருவர் சொல்ல, பூஜை எண்ணெயை வேண்டாம் என்று தள்ளியவன் கை பட்ட வச்சிரம் எப்படி ஒட்டும் என்று முனுசாமி முடித்தான். மேஸ்திரி அதை ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வேலை முடியும்போது சூசையைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பட்டறை மாறுவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம் இல்லை. ஆனால் வேலையைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே போனால், கண்டோன்மெண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பட்டறையிலும் பெஞ்சு கிடைக்காது. சூசைக்கு அது தெரியும். ஆனால் கெஞ்சுகிற ஜாதி இல்லை அவன். அடுப்படிக்குப் போய் வழக்கம்போல நெருப்பை அணைக்க உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனேன். என்னைப் பார்க்காமலே, "இந்த வருசம் சீவல்கூட குப்புகுப்புன்னு புடிக்குது கோவிந்து, ஒரே பொகை" என்றான். வேறு பேச்சு இல்லாமல் சொன்னதுதான். இழைக்கும்போது சுருள் சுருளாக விழும் சீவலைத்தான் அவன் அடுப்புக்குப் போடுவான்.

இங்கேதான் நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கே இருந்த எல்லாரும் தினமும் அந்தச் சீவலை மிதித்துக்கொண்டுதான் நடந்தார்கள். எடுத்துப் பார்த்தவன் நான். முனுசாமி பெஞ்சுக்கடியில் கிடந்த ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். போண்டா கட்டிக்கொடுத்த காகிதம் எப்படி இருக்கும்? அப்படி, அங்கங்கே வெளிச்சம் ஊடுருவியது. சூசை பெஞ்சுக்கடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். வெறும் மரம். அவன் அழுத்தித் தேய்த்துவிட்ட மெழுகு இரும்போடு நின்றுவிட்டது.

இரும்பின் அடியிலிருந்த எண்ணெய் பலகை விளிம்புக்குப் போயிருக்கிறது. எண்ணெய் குடித்த மரத்தில் வச்சிரம் எப்படிப் பிடிக்கும்? ஒரு நாள் எண்ணெய் என்றால் நாலு இழைப்பில் போயிருக்கும். நாங்கள்தான் பக்தியாகத் தினமும் தடவினோமே.

கண்டுபிடித்ததோடு என் சாமர்த்தியம் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கண்டுபிடிப்பது பாதிதான். அதை எங்கே, யார் முன்னால், எந்த வாயால் சொல்வது என்பது மீதிப் பாதி. அந்த நிமிஷமே நடுப்பட்டறையில் நின்று, "மேஸ்திரி, உங்க சாமி எண்ணெதான் வேலையைக் கெடுத்திச்சு" என்று நான் சொல்லியிருந்தால்? மேஸ்திரி தலை தொங்கியிருக்கும். முனுசாமி சாமி குத்தம் என்று ஆரம்பித்திருப்பான். நான் சூசை பக்கம், மற்றவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் என்று ஆகியிருக்கும். நியாயம் ஜெயித்திருக்காது, பட்டறைதான் இரண்டாகியிருக்கும். சொல்லாமல் விட்டாலோ திங்கட்கிழமை சூசை போய்விடுவான்.

எல்லாரும் கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மேஸ்திரியிடம் போய் ஒரே ஒரு உதவி கேட்டேன். சூசை கை படாமல், புது வில்லை போட்டு, நீங்களே வச்சிரம் காய்ச்சுங்கள். நான் இரண்டு ஜோடித் துண்டுகள் இழைத்துத் தருகிறேன். நீங்களே ஒட்டுங்கள். ஒட்டினால் சூசைமேல்தான் குற்றம் என்று முடிவாகிவிடும், அப்புறம் யாரும் பேச முடியாது. அவருக்கு அது பிடித்தது. தோளில் கிடந்த துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஜன்மத்தில் தொடாத வச்சிரத்தைத் தானே கிண்டினார்.

ஒரு ஜோடியை அவருடைய சொந்த இழைப்புளியால் இழைத்தேன். இன்னொன்றைச் சூசையின் இழைப்புளியால். இரண்டும் என் கைதான், ஆகையால் கைவாகு என்று யாரும் சொல்ல முடியாது. எது எதனால் இழைத்தது என்று அவர் பார்க்கப் பார்க்கவே குறி போட்டேன். ஒட்டினார், இறுக்கினோம், பூட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அதே நினைப்பு. சொன்னால் நம்புங்கள், அதற்கப்புறம் எத்தனையோ பெரிய வேலைகள் எடுத்துச் செய்திருக்கிறேன், அந்த இரண்டு துண்டுக் கட்டைக்குப் பயந்ததுபோல எதற்கும் பயந்ததில்லை.

திங்கட்கிழமை ஆட்கள் வருவதற்கு வெகுநேரம் முன்னால் வரச்சொல்லியிருந்தேன். மேஸ்திரி வந்திருந்தார். முதலில் தன் இழைப்புளியால் இழைத்ததை எடுத்தார். கொட்டாப்புளியே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து லேசாக மடக்கினார், வாழைமட்டையை உரித்ததுபோலத் தனித்தனியாக வந்தது. அடுத்ததைப் பெஞ்சில் வைத்து அடித்தார். மூன்றாவது அடியில் உடைந்தது. ஆனால் ஒட்டு விடவில்லை, பக்கத்தில் இருந்த மரம்தான் பிய்ந்தது.

உரிந்து வந்த விளிம்பை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். விரலால் தடவிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த சில நல்ல நிமிஷங்களில் அது ஒன்று.

"விளக்கு எண்ணெடா இது" என்றார்.

துண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "தொடைக்கச் சொன்னா சாமி குத்தம்பானுங்க. நானே தொடைக்கக் கூடாதுன்னு சொன்னவன். தொடைக்கலேன்னா வேல போச்சு. இன்னாடா பண்றது?" என்றார். ஒரு மேஸ்திரி தன் கீழ் வேலை செய்கிறவனிடம் இப்படிக் கேட்டால், அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நம் புத்தியைக் காட்டக்கூடாது, அவர் ஏறிப்போக ஒரு படி போட்டுக் கொடுக்க வேண்டும்.

நான் சொன்னேன்: "தொடைச்ச துணிய குப்பையில போட்டாத்தான குத்தம் மேஸ்திரி? விளக்குலேந்து வந்த எண்ணெ. திரியா திரிச்சி விளக்குலயே போட்டுருவோம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பித்தளை விளக்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

ஆட்கள் வந்தபோது விளக்கு நடுவில் இருந்தது. புது மல் துணி ஒன்று துண்டு துண்டாகக் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. பூஜை எண்ணெயை இன்றைக்கு விளக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறோம், அவனவன் இழைப்புளியை அவனவன் சுத்தமாகத் துடைத்து, துணியைத் திரியாக்கிக் கொண்டுவாருங்கள் என்றார் மேஸ்திரி. காலம் காலமாகச் செய்வதுபோல அவ்வளவு கம்பீரமாகச் சொன்னார். முனுசாமி ஒருவன்தான், இது என்ன புது வழக்கம் என்று முணுமுணுத்தான். ஆனாலும் எல்லாரையும்விடத் தடியாகத் திரித்துக்கொண்டு வந்தவன் அவன்தான்.

திரிகள் படபடவென்று எரிந்துகொண்டிருந்தபோது சூசை சாக்குப்பையோடு உள்ளே வந்தான், சாமான்களை எடுத்துக்கொள்ள. விளக்கைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அவன் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தான்.

"சூச" என்றார் மேஸ்திரி, திரும்பாமலே. "அடுப்ப மூட்டு. வச்சிரம் ஊற வச்சது அப்டியே கெடக்குது."

மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். சூசை பையைக் கீழே போட்டான். மேஸ்திரி தன் இழைப்புளியை எடுத்துக்கொண்டு அவன் பெஞ்சுக்கு நடந்து போய், கையை நீட்டினார். "அந்தத் துண்டுல கொஞ்சம் குடு."

சூசை மெழுகுவத்தியைக் கத்தியால் நறுக்கி, முதல் துண்டை அவருக்குக் கொடுத்தான். பிறகு எங்களுக்கு வரிசையாக. முனுசாமியைக் கடைசியில் நிறுத்தி வைத்தான்.

"இது உங்க கோயில்ல எரிஞ்சதா?" என்று கேட்டான் முனுசாமி.

"எரிஞ்சது அங்கயே போச்சு. மிஞ்சினது இது. வாணாம்னா குடுத்துரு, எம் பொண்டாட்டி விளக்குக்கு ஆவும்."

முனுசாமி கையை மூடிக்கொண்டான்.

பிளந்த பலகைகளை மறுபடி இழைத்து ஒட்டியதையும், தீபாவளிக்கு முன்னால் மல்லேஸ்வரத்தில் இறக்கியதையும் நான் விவரிக்கத் தேவையில்லை, அது வெறும் வேலை. அதற்கப்புறம் எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்: இழைப்புளி தூங்கும்போது எண்ணெய், எழுந்தால் மெழுகு. வேலை இல்லாத நாளில் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வை, துரு கிட்டே வராது. எடுத்த அன்று எண்ணெயை ஒட்டத் துடை. ஓட்டத்துக்கு மெழுகு இரண்டு கோடு போதும். டப்பாவை வைத்துக் குளிப்பாட்டிய அந்தத் தம்பி இதை மட்டும் தனியாக எழுதி பெஞ்சில் ஒட்டிக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உள்ளே நடந்தது எனக்கும் மேஸ்திரிக்கும் மட்டும்தான் தெரியும். சூசை ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டான்: "என்னப் போவாம நிறுத்தினது யாரு கோவிந்து, உங்க சாமியா எங்க சாமியா?" வச்சிரம் என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது, மேற்கொண்டு கேட்கவில்லை. மேஸ்திரி இருந்தவரை நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்குப் பெருமை பேசத் தெரியாது என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவன் இதை விழுங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் நான் சொந்தப் பட்டறை போட்டேன். சூசையும் என்னோடு வந்துவிட்டான், வச்சிர அடுப்போடு. முதல் ஆயுதபூஜை முடிந்த மறுநாள், அவசர வேலை ஒன்று இருந்ததால், நான் நேராக இழைப்புளியை எடுத்துப் பலகையில் வைக்கப் போனேன். சிவாஜி நகர்ப் பக்கம் ஏதோ பட்டறையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒருவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"மொதலாளி, எண்ணெயத் தொடச்சி திரி போடாம கை வைக்கக் கூடாது. ஆதிகாலத்துலேந்து ஆசாரிங்க வழக்கம் இது. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?"

அடுப்படியில் சூசை நெருப்பு ஊதுகிறவன்போலச் சட்டென்று குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"தெரியாதுபா" என்றேன். துணியை வாங்கி, அவன் காட்டிக்கொடுத்தபடியே திரித்தேன்.